மீன் குழம்பும் முறைப்பெயரும்: மண்டபம் அருகே ஒரு பெண்கள் உணவகம்

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலையில் உச்சிப்புளியைக் கடந்து, மண்டபம் வருவதற்குச் சற்று முன்னால், கடல் பக்கமாகப் பிரிகிற மண்சாலை ஒன்றில், மகளிர் சுய உதவிக் குழு ஒன்றைச் சேர்ந்த பத்துப் பெண்கள் பகலுணவுக் கடை நடத்துகிறார்கள். பனையோலைக் கூரை, சிமெண்டுத் தரை, ஆறு மேசைகள், வெளியே ஒரு வேப்பமரம், அதன் அடியில் கை கழுவக் குடமும் செம்பும் என்று மிக எளிய ஏற்பாடு. ‘சாப்பாடு தயார்’ என்ற பலகையைத் தவிர வேறு பெயர்ப்பலகை இல்லாததால், நானும் கடைக்குப் பெயர் சூட்டாமலே எழுதுகிறேன். இரண்டு மாதத்தில் மூன்று முறை சென்றிருக்கிறேன். முதல் முறை என் தங்கையோடும், இரண்டாம் முறை அமெரிக்காவில் படித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்த அவள் மகளோடும், மூன்றாம் முறை தனியாகவும்.

சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். சோறு, மீன் குழம்பு, ஒரு கூட்டு, ரசம், மோர் ஆகியவை சேர்ந்து 120 ரூபாய். வறுத்த மீனுக்கு அன்றைய விலை. குழம்பில் தேங்காய் மட்டாகவும் புளி தூக்கலாகவும் இருக்கிறது. நம் மாவட்டத்து முண்டு வத்தலை முழுதாகக் கிள்ளிப் போடுகிறார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த வத்தல் நிறத்தைவிடக் காரத்தையும் மணத்தையுமே அதிகம் தருவது என்பதால், சிவக்கச் சிவக்க இருக்கும் குழம்பை எதிர்பார்த்து வருபவர்களுக்கு முதல் பார்வையில் ஏமாற்றமாக இருக்கலாம். இரண்டாவது கவளத்தில் அது தீர்ந்துவிடும். விளமீன் கிடைத்த நாளில் குழம்பு மிக நன்றாக இருந்தது. நகரை வறுவல் இரண்டு முறையும் சரியான பதத்தில் வந்தது. சுறாப்புட்டில் பூண்டு கூடிப்போயிருந்தது என்பது என் கருத்து. என் தங்கை அதை ஒப்புக்கொள்ளவில்லை. காலை பத்து மணிக்கு முன்னால் போனால் கேப்பைக் கூழும் சூடைக் கருவாடும் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீனை நம்பியே கடை நடக்கிறது; அப்போது வகை குறையும், ஆனால் வருகிற மீன் அன்றைக்குக் காலையில் பிடித்ததாக இருக்கும்.

இந்தக் கடையில் என்னை அதிகம் ஈர்த்தது அங்கே ஒருவரை ஒருவர் அழைக்கிற முறை. மூன்று முறை போயும் அந்தப் பத்துப் பேரில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. அவர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதே இல்லை. கல்லாவில் இருப்பவர் கீழக்கரைப் பக்கத்து முசுலிம் பெண். அவரை அத்தனை பேரும், கழுத்தில் தாலியோடு இருப்பவர்களும் சிலுவையோடு இருப்பவர்களும்கூட, ‘லாத்தா’ என்கிறார்கள். அது அவர்கள் வீட்டு வழக்கில் அக்காவைக் குறிக்கும் சொல். குழம்பு வைப்பவர் எல்லோருக்கும் ‘மதினி’. குழுவில் ஒருத்திக்கு அவர் உண்மையிலேயே அண்ணன் மனைவி. மற்ற எட்டுப் பேரும் அந்த ஒருத்தியின் உறவைத் தங்கள் உறவாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வெங்காயம் உரிக்கும் முதியவர் ‘அப்பத்தா’. இலை போடும் இளையவள் யாருக்கும் தங்கை இல்லை, எல்லோருக்கும் ‘சின்னவள்’.

குழுவின் பதிவேட்டில் இவர்களுக்கு வேறு பெயர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் பன்னாட்டு நிதியுதவியோடு தொடங்கி, பிறகு மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவிய இந்தக் குழு முறையில் ஊக்குநர், பிரதிநிதி, உறுப்பினர் என்பனவே பதவிச் சொற்கள். லாத்தாதான் ஊக்குநர். வங்கிக்குப் போகும் நாளில் மட்டும் அந்தச் சொல் வெளியே வரும் என்று அவரே சொன்னார். அடுப்படியில் ‘ஊக்குநர் அவர்களே, உப்பை எடுங்கள்’ என்று யார் சொல்லப்போகிறார்கள்?

இந்த அழைப்பு முறையின் குறையையும் நான் அனுபவித்தேன். இரண்டாம் முறை போனபோது நான் சொன்ன நகரை வறுவல் அரை மணி நேரமாக வரவில்லை. விசாரித்தால், சின்னவள் உள்ளே போய் ‘அக்காவுக்கு ஒரு நகரை’ என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் அப்போது மூன்று மேசைகளில் மூன்று அக்காக்கள் உட்கார்ந்திருந்தோம், மீன் சன்னலோரத்து அக்காவுக்குப் போய்விட்டது. அவரும் தமக்கென்றே வந்ததாக நினைத்துச் சாப்பிட்டு முடித்துவிட்டார். மேசைக்கு எண் போட்டால் என்ன என்று என் தங்கை மகள் கேட்டாள். “நம்பர் போட்டா ரேசன் கடை மாதிரி ஆயிரும்ல தாயி” என்றார் லாத்தா. மீன் மறுபடி வறுபட்டு வந்தது. முதல் மீனுக்கும் சேர்த்துக் காசு வாங்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

அந்த அரை மணி நேரக் காத்திருப்பில்தான் பேச்சு வளர்ந்தது. என் தங்கை மகள் அங்கே கல்லூரியில் படித்தபோது ‘சொரோரிட்டி’ என்ற மாணவியர் சங்கம் ஒன்றில் சேர்ந்திருந்தாள். அதைப் பற்றி அப்பத்தா கேட்க, இவள் தனக்குத் தெரிந்த தமிழில், “அங்க எல்லாரும் சிஸ்டர், நானும் ஒரு சிஸ்டர்” என்று விளக்கினாள். அப்பத்தாவின் முகம் மாறிவிட்டது. நம் கரையோரத்தில் சிஸ்டர் என்றால் ஒன்று கன்னியாஸ்திரீ, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி நர்ஸ். “ஒத்தப் புள்ளையப் போயி மடத்துல விட்டுட்டியளே” என்று என் தங்கையைப் பார்த்து அவர் வருந்தியதில் கடையே சிரித்தது. பெரியம்மா என்ற உரிமையில் நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அப்பத்தா சொன்னதில் பிழை அதிகமில்லை என்று தோன்றியது. சொரோரிட்டி என்ற சொல்லின் வேர் ‘சொரோர்’ என்ற இலத்தீன் சொல், பொருள் உடன்பிறந்தவள். இடைக்கால இலத்தீனில் அதிலிருந்து பிறந்த சொல், மடத்தில் சேர்ந்து வாழும் பெண்கள் கூட்டத்தைக் குறித்தது. மாணவியர் சங்கங்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கன்னியர் மடங்களில் அது வழங்கியது. ஆகவே மடத்திலிருந்து கல்லூரிக்கு வந்த சொல்லை அப்பத்தா மறுபடி மடத்துக்கே அனுப்பிவைத்தார், அவ்வளவுதான்.

கல்லூரிக்கு அது வந்த கதையும் சுவையானது. அமெரிக்காவில் பெண்கள் கல்லூரிகளில் காலெடுத்து வைத்த 19-ஆம் நூற்றாண்டில், ஆண் மாணவர்களுக்கு ‘பிராட்டெர்னிட்டி’ என்ற சங்கங்கள் இருந்தன. அந்தச் சொல் ‘பிராட்டெர்’, அதாவது உடன்பிறந்தவன், என்ற இலத்தீனிலிருந்து வந்தது. 1870-இல் கப்பா ஆல்பா தீட்டா போன்ற மாணவியர் சங்கங்கள் தோன்றியபோது தங்களைக் குறிக்க வேறு சொல் இல்லாமல் ‘பெண்கள் பிராட்டெர்னிட்டி’ என்றே சொல்லிக்கொண்டன. நேராகத் தமிழில் பெயர்த்தால் ‘பெண்கள் அண்ணன்தம்பிக் கூட்டம்’ என்று வரும். 1874-இல் சிரக்யூசு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய காமா பை பீட்டா என்ற சங்கத்துக்கு, அங்கே இலத்தீன் கற்பித்த பிராங்க் சுமாலி என்ற பேராசிரியர்தான் சொரோரிட்டி என்ற சொல்லை எடுத்துக்கொடுத்தார். அண்ணன்தம்பிப் பெயரை விடாமல் வைத்திருக்கும் மாணவியர் சங்கங்கள் இன்றும் உண்டு. பழகிய பலகையை மாற்ற யாருக்குத்தான் மனம் வரும்?

இவற்றுக்கெல்லாம் முன்னால், 1851-இல் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில், மாணவியர் சிலர் அடெல்பியன் கழகம் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள்; பின்னாளில் ஆல்பா டெல்டா பை என்று ஆனது அதுதான். அடெல்பே என்பது உடன்பிறந்தாளைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பிரித்தால் ‘ஒரே கருப்பையிலிருந்து வந்தவள்’ என்று பொருள் தரும். இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேடைதோறும் நாம் முழங்கும் ‘சகோதரி’யும் இப்படித்தான்: வடமொழியில் சக என்றால் உடன், உதரம் என்றால் வயிறு, ஒரே வயிற்றில் கிடந்தவள் சகோதரி. நம் ‘உடன்பிறந்தாள்’ அதையே ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. பிறக்காத இடத்தில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்வதற்கு எல்லா மொழிக்காரர்களும் வயிற்றையே சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

இன்றைக்கு ஒருவரை ஒருவர் ‘சொரோர்’ என்றே அழைத்துக்கொள்ளும் வழக்கம் சிறப்பாகக் கறுப்பினப் பெண்களின் சங்கங்களில் வேரூன்றியிருக்கிறது. அவற்றுள் மூத்தது, 1908-இல் வாசிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஆல்பா கப்பா ஆல்பா. நம்மவர்களுக்கு இந்தப் பெயர் அறிமுகமாகக் காரணம் கமலா ஹாரிஸ். 2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராக அவர் ஆற்றிய ஏற்புரையில், தம் குடும்பத்தார் யார் யார் என்று அடுக்கியபோது ‘சித்தி’களைத் தமிழ்ச் சொல்லாலேயே குறிப்பிட்டார். தமிழ்நாடு முழுவதும் அதைக் கொண்டாடியது. அதே மூச்சில் ஆல்பா கப்பா ஆல்பாவையும் குடும்பம் என்று அவர் சேர்த்ததை நம்மில் பலர் கவனிக்கவில்லை. சித்தி தாய்வழி வந்த உறவு, சொரோர் கல்லூரியில் தேடிக்கொண்ட உறவு. இரண்டும் அவர் பட்டியலில் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தன.

இந்தச் சங்கங்களில் ஒரே தவணையில் சேரும் பெண்கள் வரிசையாக நிறுத்தப்படுவார்களாம், பெரும்பாலும் உயர வரிசையில். அதனால் அவர்கள் ஒருவருக்கொருவர் ‘லைன் சிஸ்டர்’. முதலில் நிற்பவளுக்குச் சீட்டாட்டத்திலிருந்து எடுத்த ‘ஏஸ்’ என்ற பெயர், கடைசியில் நிற்பவளுக்கு ‘டெயில்’, அதாவது வால். வரிசையில் நிற்கும் இடமே ஒவ்வொருத்திக்கும் எண்ணாகிவிடும். வறுத்த மீன் திசைமாறிய அன்று என் தங்கை மகள் எண் போடச் சொன்னது இந்தப் பழக்கம் தெரிந்ததினால்தான். புதிதாகச் சேர்பவளை ‘நியோபைட்’ என்பார்கள். கிரேக்கத்தில் அதற்குப் ‘புதிதாக நடப்பட்டது’ என்று பொருள், நம் நாற்று. முன்பே சேர்ந்தவளுக்குப் பொருத்தமாக ‘புரோபைட்’ என்று ஒரு சொல்லைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். பிற சங்கங்களில் புதியவளுக்கு வழிகாட்டும் மூத்தவள் ‘பிக்’, புதியவள் ‘லிட்டில்’. பிக்குக்குப் பிக்காக இருந்தவள் பாட்டி முறை. இரண்டு வயது மூத்தவளைப் பாட்டி என்று அழைத்ததாக இவள் சொன்னபோது அடுப்படியில் யாரும் வியக்கவில்லை. நம் ஊர்களில் தன்னைவிட இளையவனைச் சித்தப்பா என்று அழைக்கும் பெரியவர்கள் இல்லாத தெரு ஏது?

நான் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் பேச்சு அங்கேயும் போயிற்று. சங்கப் பாடல்களில் தோழியும் தலைவியும் ஒருவரை ஒருவர் அன்னை என்று அழைத்துக்கொள்கிறார்கள். தொல்காப்பியம் இதைப் பழைய முறை என்று தனியே நூற்பா செய்து காக்கிறது. ஐங்குறுநூற்றுக் குறிஞ்சிப் பகுதியில் ‘அன்னாய் வாழிப் பத்து’, ‘அன்னாய்ப் பத்து’ என்று இரண்டு பத்துகளே உண்டு. வகுப்பில் இதை விளக்கும்போது மாணவியர் குழம்புவார்கள், ஒத்த வயதுப் பெண்ணை எப்படித் தாய் என்று அழைக்க முடியும் என்று. இந்தக் கடைக்கு அவர்களை அழைத்து வந்திருக்கலாம். எழுபது வயது அப்பத்தா இருபது வயதுச் சின்னவளை ‘வாத்தா’ என்கிறார், லாத்தா என் தங்கை மகளைத் ‘தாயி’ என்கிறார், நானோ இலை போட்டவளிடம் ‘தண்ணீர் கொடும்மா’ என்றேன். அன்னாய் எங்கும் போய்விடவில்லை.

அப்பத்தாவின் ‘சிஸ்டர்’ குழப்பமும் அங்கேதான் வந்து சேர்கிறது. ஆஸ்பத்திரி சிஸ்டருக்கு நாம் வைத்திருக்கும் தமிழ்ச் சொல் செவிலி. அதுவோ சங்க காலத்தில் வளர்ப்புத் தாயின் பெயர். அந்தச் செவிலியின் மகளே தோழி என்று தொல்காப்பியம் இலக்கணம் சொல்கிறது. அதாவது சிஸ்டரின் மகள் தோழி. இதைச் சொன்னபோது மதினி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

எல்லா அழைப்பும் அன்பால் வருவதில்லை என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். தங்கை என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் என் தங்கைக்கு எங்கை, உன் தங்கைக்கு நுங்கை என்று மூவிட வடிவங்கள் இருந்தன. மருதப் பாடல்களில் தலைவி, கணவன் நாடிப்போன பரத்தையைச் சுட்டும்போது எங்கை என்கிறாள். நாக்கில் தேனும் நெஞ்சில் நெருப்புமாக வருகிற சொல் அது. கடையிலும் இப்படி ஒன்று கேட்டேன். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றிய ஒருத்தியை மதினி, “வாங்க சம்பந்தி, உங்க வீட்டு எண்ணெயா?” என்றார். அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை எதுவும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

இந்த அழைப்புகள் எங்கே பழகி வந்தன என்று மதினியிடம் கேட்டேன். இவர்களில் நால்வர் முன்பு பாசி எடுக்கக் கடலுக்குப் போனவர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, அந்தத் தீவுகளை ஒட்டிய தொழில் நெருக்கடிக்குள்ளான பிறகும், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாறைகளில் பாசி பறித்த தலைமுறை அது. “தண்ணிக்குள்ள பேரு கேக்காது, ‘மதினீ’ன்னு இழுத்தாத்தான் காத்துல போகும்” என்றார். நான் அசந்துபோனேன். இகரத்தில் முடியும் பெயர் விளியேற்கும்போது ஈகாரமாகும், ஐகாரம் ஆய் என்று திரியும், தொலைவிலிருப்பவரை அழைக்கும்போது ஓசை இன்னும் நீளும் என்று தொல்காப்பியத்தின் விளிமரபு சொல்வதைக் கரும்பலகையில் எத்தனையோ ஆண்டு எழுதியிருக்கிறேன். தோழி தோழீ ஆவதும் அன்னை அன்னாய் ஆவதும் எதற்காக என்று இடுப்பளவு நீரில் நின்றவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. மதினி என்பதே மைத்துனி என்ற சொல்லின் தேய்வுதான். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்த சொல்.

உறவில்லாதவர்கள் ஓர் அடுப்பைச் சுற்றி முறை வைத்துக்கொள்வதற்கு இதைவிடப் பழைய சான்றும் உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுரைப் புறஞ்சேரியில் ஆயர் வீட்டில் தங்கும் கண்ணகி சமைப்பதற்குக் கலங்கள் கேட்கப்படும் இடத்தில், ஆயர்மகள் ஐயையை ‘நாத்தூண் நங்கை’ என்று குறிக்கிறார்கள். வணிகர் குலத்துப் பெண்ணுக்கு இடைக்குலத்துப் பெண் நாத்தனார். சோறு சேர்ந்து பொங்க வேண்டுமானால் முதலில் முறையைச் சொல்லிவிட வேண்டும் என்பது புகார்ப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது, மண்டபம் மதினிக்கும் தெரிந்திருக்கிறது. சிரக்யூசுப் பெண்களுக்கு அதற்கு ஓர் இலத்தீன் பேராசிரியர் தேவைப்பட்டார் என்று என் தங்கை மகளைச் சீண்டினேன். “உங்களுக்கும் தொல்காப்பியர் தேவைப்படுதே பெரியம்மா” என்று அவள் திருப்பிக் கொடுத்தாள்.

கடைக்குத் திரும்புகிறேன். மொத்தத்தில் சாப்பாட்டுக்காகவே தாராளமாகப் போகலாம். ஒரு மணிக்கு மேல் போனால் இடம் கிடைப்பது அரிது. இரண்டரைக்குக் குழம்பு தீர்ந்துவிடும். கை கழுவும் இடத்தில் மழை பெய்தால் சேறாகிவிடுகிறது, நாலு கல் பதித்தால் நன்று. பட்டியல் எழுதி வைப்பதில்லை, கணக்கு லாத்தாவின் மனத்தில் இருக்கிறது, இதுவரை தவறியதில்லை. ‘அண்ணே’ என்று நெடுநாளாக அழைக்கப்படும் லாரி ஓட்டுநர்களுக்கு மீனின் நடுத்துண்டும், எங்களைப் போன்ற புதியவர்களுக்கு வால் துண்டும் வருகின்றன என்ற ஐயம் எனக்கு உண்டு. மூன்றாம் முறை எனக்கும் நடுத்துண்டு வந்தது. அன்று என்னை ‘டீச்சரக்கா’ என்றார்கள்.

லாத்தா வீட்டிலிருந்து வரும் தொதல் சனிக்கிழமைகளில் மட்டும் கிடைக்கும். அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் மணிக்கணக்கில் கிண்டிச் செய்வதால் அளவாகவே செய்கிறார்கள். வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமையே சொல்லிவைக்க வேண்டும். மறுநாள் போய், யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டால், ‘அக்காவிடம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.